வெளியாளிடம் சொல்லக்கூடாத பெட்டி

எண்பதுகளின் நடுவில், கொச்சியில் வீட்டுக்கு வீடு டிவி ஆன்டெனா முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்றுக்கொண்டிருந்த ஒரு முதலாளிக்கு வீடியோ கேம் பெட்டி செய்யும் ஆசை வந்தது. ஆசையைக் கொண்டுவந்தவன் துபாயிலிருந்து லீவில் வந்த அவருடைய மருமகன். டிவியில் மாட்டி விளையாடும் ஒரு ஜப்பான் பெட்டியை அவன் கூடத்தில் வைத்தான். வீட்டில் சோறு ஆறியது, கடை திறக்க நேரமாயிற்று, மாமியார் மருமகள் சண்டைகூட ஒத்திவைக்கப்பட்டது. முதலாளி மட்டும் விளையாடவில்லை. பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. இவ்வளவு எடை குறைந்த சரக்கை இவ்வளவு விலைக்கு விற்கிறார்கள் என்றால் மிளகு விற்பதெல்லாம் என்ன வியாபாரம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தென்காசிப் பக்கத்திலிருந்து இளவயதில் மூட்டை தூக்க வந்து முதலாளியானவர் அவர். அவருடைய தமிழில் பாதி மலையாளம், மலையாளத்தில் பாதி தமிழ், வியாபாரம் மட்டும் கலப்படமில்லாதது. நினைத்தால் செய்துவிடுவார். இடக்கொச்சியில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலையாளி இளைஞனைப் பிடித்துவந்து யூதர் தெருவான ஜூ டவுனில் இருந்த தன் குடோனின் மாடியில், சுக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார். அவன் கெட்டிக்காரன். சில மாதங்களில் ஒரு பெட்டியைச் செய்து டிவியில் மாட்டினான். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் இடமும் வலமும் நகர்ந்தது.

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விளையாட்டு எங்கே என்று கேட்டார். பெட்டி வேறு, விளையாட்டு வேறு, விளையாட்டுகளைத் தனியாக எழுத வேண்டும், எல்லாவற்றையும் தான் ஒருவனே எழுத முடியாது, வெளியாட்கள் எழுதித் தர வேண்டும் என்று எஞ்சினியர் விளக்கினான். வேறு யாராக இருந்தாலும் மனம் உடைந்திருப்பார்கள். முதலாளி சட்டென்று புரிந்துகொண்டார். "அதுக்கென்ன, நாம மிளகுக் கொடியா நட்டோம்? வாங்கித்தானே விக்கிறோம்" என்றார். அந்தப் பெட்டியைப் பற்றி அவர் சரியாகப் புரிந்துகொண்ட விஷயம் அது ஒன்றுதான். அதையும் அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டார்.

நான் அப்போது தோப்பும்படியில் ஒரு பேரலல் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கல்லூரியில் வேலை கிடைக்காத நாங்கள் பாடம் சொல்லும் ஓலைக் கொட்டகைக்குக் கேரளத்தில் அந்தப் பெயர். பாலிடெக்னிக்கில் படித்தபோது சிப்புகளுக்குக் கட்டளை எழுதக் கற்றிருந்தேன். அந்த வித்தையை வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியில் என்ன செய்வது? நீச்சல் தெரிந்தவன் மாடியில் குடியிருந்த மாதிரிதான். முதலாளிக்கு விளையாட்டு எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேராக முதலாளியிடம் போனேன். அவர் முகம் கொடுக்கவில்லை. மிளகுக் கடைத்தெருவில் விற்பவனும் வாங்குபவனும் நேருக்கு நேர் பேசுவது மரியாதைக் குறைவு. நடுவில் தரகர் வேண்டும். முதலாளியின் தரகரை ஊரே 'இக்கா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும். மிளகு, இஞ்சி, கல்யாணம், வாடகை வீடு, விசா என்று எதையும் முடித்துக் கொடுப்பார். இப்போது விளையாட்டும் அவர் கைக்கு வந்திருந்தது. "சாம்பிள் கொண்டு வாங்க மாஷே, பாக்கலாம்" என்றார். வாத்தியார் என்பதால் நான் எல்லோருக்கும் மாஷ்.

அந்தக் காலத்தில் புரோகிராமைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைப்போம். நான் எழுதிய சின்னத் துண்டு ஒன்றைக் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். இக்கா அதைப் பெட்டியில் போட்டுப் பார்க்கவில்லை. சாயாக் கடையில் இருந்த டேப் ரெக்கார்டரில் போட்டார். கீச்சென்று, அரத்தால் தகரத்தை ராவுகிற மாதிரி ஒரு சத்தம் கடை முழுக்கப் பரவியது. இக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னும் இரண்டு தரகர்கள் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. "சரக்கு கொள்ளாம், மோசமில்லை" என்றார் இக்கா கடைசியில். "கொஞ்சம் ஈரம் இருக்கு." அந்தச் சத்தத்தில் ஈரம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் தேர்வாகிவிட்டேன்.

என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் தேர்வாகியிருந்தார்கள். ஒருவர் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர், மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். குடோனின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஒரு டிவியும் ஒரு பெட்டியும் வைத்தார்கள். முறை வைத்து உட்கார்ந்து எழுதினோம். இன்றைக்கு இதையெல்லாம் டெவலப்பர் சப்போர்ட் என்று சொல்கிறார்கள். எங்களுக்கும் சப்போர்ட் இருந்தது. காலையில் சாயா, மாலையில் சாயாவும் பருப்பு வடையும். கேள்வி கேட்டால்தான் சிக்கல்.

கடைத்தெருவில் இன்னொரு சட்டமும் உண்டு. சரக்கு எந்த மலையிலிருந்து வந்தது என்று வெளியாளிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த முறை அவன் நேராக மலைக்கே போய்விடுவான். அதனால் மூட்டை வந்து இறங்கியதும் சாக்கில் இருக்கும் ஊர்க் குறியை அழித்துவிட்டுத் தங்கள் குறியைக் குத்துவார்கள். முதலாளி ஒருநாள் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் அதன் பெயரும் எண்ணும் அச்சடித்திருந்தன. "இப்படி அம்மணமா நிக்குதே" என்று பதறிப்போனாராம். மறுநாளிலிருந்து குடோனில் சுக்குப் பொறுக்கும் பெண்கள் முறத்தில் சிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் எண்களைத் தேய்த்து அழித்தார்கள். சுக்கைவிட இது லேசான வேலை, கண் எரியாது என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

சிப்பின் எண் தெரிந்தால்தான் அதற்கு எந்த விதத்தில் கட்டளை எழுதுவது என்று தெரியும். எண் தெரியாத சிப்புக்கு விளையாட்டு எழுதுவது, யாருக்கு என்று தெரியாமல் சட்டை தைப்பது மாதிரி. எஞ்சினியர் மேலே மாடியில்தான் இருந்தான். அவனைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. வாங்குபவனை மலைக்குக் கூட்டிப்போக முடியுமா? கேள்வியை இக்காவிடம் சொல்ல வேண்டும், இக்கா முதலாளியிடம் சொல்வார், முதலாளி மாடிக்கு ஏறுவார், பதில் அதே வழியில் இறங்கி வரும்.

முதல் கேள்வியாக, பெட்டியில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று கேட்டேன். அடுத்த நாள் இக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை என் கைமேல் போட்டு, அதன் அடியில் கையை விட்டு, என் இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினார். மிளகு விலையை அப்படித்தான் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக்கூடாது.

"ரெண்டா?" என்றேன்.

"மெல்ல" என்றார்.

"ரெண்டு என்ன இக்கா? ரெண்டாயிரமா, இருபதாயிரமா?"

"அது நீங்கதான் மனசிலாக்கணும் மாஷே. விரலுக்குப் பின்னால எத்தனை சைபர்னு யாரும் பறைய மாட்டாங்க."

அதையும் நாங்கள் சமாளித்தோம். அந்தக் காலத்தில் கடைகளில் கிடைத்த சிப்பு வகைகளே ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஒவ்வொன்றின் கட்டளையாக எழுதிப் பார்த்து, எது வேலை செய்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். திருடன் வீட்டைத் தடவுகிற மாதிரி அந்தப் பெட்டியைத் தடவித் தடவி அறிந்தோம். உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன.

என் விளையாட்டு, மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் ஒரு போட்டு, அதாவது பயணிகள் படகு. காயலில் ஆப்பிரிக்கப் பாயல் என்கிற நீர்க்களை கொத்துக் கொத்தாக மிதந்து வரும். அதில் மாட்டாமல் போட்டை ஓட்டி எதிர்க்கரைப் படகுத்துறையான ஜெட்டியில் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் ஒரு ஹாரன். அவ்வளவுதான். இக்கா அதை முதலாளியிடம் சொன்னார். ஓணம் பொருட்காட்சியில் பெட்டியை வெளியிடப் போவதாகவும், அதற்குள் போட்டு ஒழுங்காக ஓடினால் என்னை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதாகவும் முதலாளி சொல்லி அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்து விசா வந்தது. என் மனைவியின் அண்ணன் ஷார்ஜாவில் ஒரு அரபியின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்தார். ரிப்பேர் வேலைக்கு ஆள் தேவை, மாப்பிள்ளையை அனுப்பு என்று சொல்லிவிட்டார். கொச்சியில் விசா வந்தவன் வீட்டுக்கு ஒரு தனி மரியாதை வந்துவிடும். மீன்காரன்கூடப் பெரிய மீனாக எடுத்துக் கொடுத்தான். எனக்குப் போக மனமில்லை. மனைவி முழுகாமல் இருந்தாள். அது ஒரு காரணம். பெரிய காரணம் போட்டுதான். என் படிப்புக்கு என் ஊரிலேயே ஒரு வேலை, அதுவும் விளையாட்டு எழுதுகிற வேலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, போய் அரபிக்கு ரேடியோ பழுது பார்க்க வேண்டுமா?

மனைவியிடம் கேட்டேன். அவள் மீனை அறுத்துக்கொண்டே சொன்னாள். "போனாப் போங்க, இருந்தா இருங்க. ஆனா இருந்துட்டு, அப்புறம் பாயில படுத்துக்கிட்டு 'போயிருக்கலாமோ'ன்னு முனகக் கூடாது. எனக்கு அது கேக்க வய்யா, தாங்காது."

நான் இருந்துவிட்டேன். ஓணத்துக்குள் போட்டு கரை சேர்ந்தால் நான் புத்திசாலி, சேராவிட்டால் மடையன் என்பது எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத ஒப்பந்தமாயிற்று. மச்சானுக்குக் கோபம். அரபியிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வேறு ஒரு நல்ல ஆளையாவது அனுப்பு என்றார். நான் இக்காவிடம் சொன்னேன்.

"விசாவா? அதை நம்ம கையில விட்ருங்க. எலக்ட்ரானிக்ஸ் அறியிற ஆள் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு."

"யாரு இக்கா?"

"யாருன்னு உங்களுக்கு எதுக்கு மாஷே? சரக்கு போய்ச் சேர்ந்தாப் போதாதா? விசா யாருதுன்னு நான் அவன்கிட்டயும் பறைய மாட்டேன்."

தரகர் தர்மம் அது. நான் மதித்தேன். விஷுவுக்கு முன்னாலேயே யாரோ ஒருவன் ஏறிப் போய்விட்டதாக இக்கா சொன்னார். எனக்கு ஒரு பாரம் இறங்கியது.

மழை தொடங்கியபோது என் போட்டு காயலைக் கடந்துவிட்டது. பாயலுக்குத் தப்பியது, வளைந்தது, நெளிந்தது. ஆனால் எதிர்க்கரை ஜெட்டியை நெருங்கியதும் மறைந்துபோனது. திரை முழுக்கப் புள்ளிகள் சிதறின. ஜெட்டியை இடத்துக்குத் தள்ளினேன், வலத்துக்குத் தள்ளினேன், போட்டைச் சின்னதாக்கினேன். என்ன செய்தாலும் கரையைத் தொடும் நேரத்தில் மறைந்தது. தப்பு என்னுடையதுதான் என்று நம்பி, முழு விளையாட்டையும் அடியிலிருந்து திரும்ப எழுதினேன். மறுபடியும் அதே இடத்தில் மறைந்தது. தூக்கம் போயிற்று. வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதிக்குப் பதிலாக இரண்டாம் விதியை இரண்டு தடவை நடத்தினேன்.

எஞ்சினியரிடம் கேட்கும்படி இக்காவிடம் சொல்லி அனுப்பினேன். முன்பெல்லாம் பதில் சுருக்கமாக வரும், வழியில் சிதைந்திருந்தாலும் உள்ளே சரக்கு இருக்கும். இப்போது வந்த பதில் வேறு மாதிரி இருந்தது.

"முதலாளி கேக்குறாரு, போட்டு எதுக்கு அங்க போகுது?"

"அங்கதானே இக்கா ஜெட்டி இருக்கு."

போய்விட்டு வந்தார். "அப்ப இந்தக் கரையிலயே நிக்கட்டும்னு பறஞ்சாரு. மழைக்காலம் அல்லே."

அடுத்த கேள்விக்கு, பொறுமையாக இருக்கச் சொல்லிப் பதில் வந்தது. அதற்கடுத்த கேள்விக்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று வந்தது. தென்காசிப் பக்கத்துக் குறிசொல்கிறவன்கூட இதைவிட விவரமாகச் சொல்வான். டெலிபோன் இலாகாக்காரர் கும்பிடு போட்டுவிட்டு நின்றுவிட்டார். மாணவர்கள் பரீட்சை என்றார்கள், பிறகு பரீட்சை முடிந்தும் வரவில்லை. நான் மட்டும் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் போக இடமில்லை. இருந்த இடத்தை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

ஒருநாள் பகலில், கொட்டும் மழையில், இக்கா இல்லாத நேரம் பார்த்துக் கடைத்தெருச் சட்டத்தை மீறி மாடி ஏறினேன். எஞ்சினியரின் நாற்காலியில் சுக்கு மூட்டை இருந்தது. பக்கத்தில் முதலாளி தனியாக, திறந்து கிடந்த ஒரு பெட்டியைத் தொடையில் வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கெட்டுப்போன கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடியை மூடினார்.

"எஞ்சினியர் எங்க முதலாளி?"

மூடியை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவன் போயிட்டான் மாஷே. விஷுவுக்கு முன்னாலயே போயிட்டான். ஷார்ஜாவுக்கு. நம்ம இக்காதான் விசா முடிச்சுக் கொடுத்திருக்கான், எனக்கே பிந்தித்தான் தெரியும். எவனோ ஒரு மடையன் வந்த விசாவை வேண்டாம்னு பறஞ்சானாம்."

அவர் அந்த மடையனைத் தொடர்ந்து திட்டிக்கொண்டிருந்தார். கையில வந்த லட்சுமியை எட்டி உதைச்சவன், அவனால என் பெட்டி அநாதையாப் போச்சு, அவனைக் கண்டா ரெண்டு வார்த்தை கேக்கணும் என்றார். நான் ஆமாம் முதலாளி, கேட்க வேண்டியதுதான் என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பிள்ளைத்தாய்ச்சி அப்படிச் சிரிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து அதட்டினார்கள். "அப்ப நம்ம விசாதான் நம்ம போட்டை முக்கிருச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள். "அவர் இப்ப எங்க அண்ணன் கூடத்தானே இருக்காரு? கேசட்டுல பேசி அனுப்புங்க."

கல்ஃபில் இருப்பவர்களுக்கு அப்போது பலரும் கேசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். லீவில் ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது கொண்டுபோவார்கள். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு முதலாளியிடம் போய் அனுமதி கேட்டேன். பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று எஞ்சினியருக்கு விவரமாகச் சொன்னால் அவன் பதில் சொல்வான் என்றேன்.

"அது சரியாவாது" என்றார். "நம்ம பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு வெளியாளுக்குச் சொல்லக் கூடாது."

"பெட்டியைச் செஞ்சதே அவர்தானே முதலாளி."

"அப்ப செஞ்சான். இப்ப வெளியாள்."

அவருக்குத் தெரியாமல் கேசட்டைப் பேசி அனுப்பினேன். முதல் பக்கத்தில் மனைவி அண்ணனுக்கு வீட்டு விஷயம் பேசினாள், இரண்டாம் பக்கத்தில் நான் எஞ்சினியருக்குப் போட்டு விஷயம் பேசினேன். பதில் ஓணத்துக்குள் வரவில்லை.

பொருட்காட்சியில் முதலாளியின் கடைக்கு நல்ல கூட்டம். அதற்குக் காரணம், பெட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சின்னப் பொட்டலம் மிளகு இலவசம் என்று அவர் அறிவித்திருந்ததுதான். ஒரு கவுன்சிலர் வந்து குத்துவிளக்கேற்றி, விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது என்று பேசிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் போட்டை ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். பாயலுக்குத் தப்பினார். ஜெட்டி நெருங்கியது. போட்டு மறைந்தது. திரையில் புள்ளிகள் கொட்டின. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கைதட்டியது. "இது நம்ம போட்டுதான்" என்று ஒருவர் உரக்கச் சொன்னார். "ஜெட்டி வரைக்கும் வந்துட்டு, ஆளு இறங்குறதுக்குள்ள போயிரும்." எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிக்கு அது பாராட்டாகக் கேட்டது, பெருமையாகத் தலையாட்டினார். அன்றைக்கு மூன்று சாக்கு மிளகு போயிற்று. பெட்டி ஒன்றும் போகவில்லை. என் மாமனார் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், மிளகுப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஓணம் முடிந்து, மகள் பிறந்து, வீட்டில் தொட்டில் கட்டிய பிறகுதான் ஷார்ஜாவிலிருந்து கேசட் வந்தது. மச்சான் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார், சவுக்காரமும் சட்டைத் துணியும் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பிறகு எஞ்சினியரின் குரல் வந்தது. அவ்வளவு மாதங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தும் அவன் குரலை நான் அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன்.

"மாஷே, சுகம்தானே? இது உங்க விசான்னு இங்க வந்துதான் மனசிலாச்சு. இங்க எனக்கு நாள் முழுக்க ஜப்பான் பெட்டி ரிப்பேர். திறந்து, மூடி, திறந்து, மூடி. என் பெட்டியை ஓர்த்துப் பாத்தா சங்கடமா இருக்கு. பின்னே, உங்க போட்டு. மெமரியோட கடைசி மூலையைத் தொட்டிருப்பீங்க. அது பெட்டி தனக்குன்னு வெச்சிருக்கிற இடம். அங்க எதையும் எழுதக் கூடாது. இதை நான் புறப்படுற அன்னைக்கு முதலாளிகிட்ட ரெண்டு தரம் பறஞ்சேன். வேற ஒண்ணும் சொல்லலைன்னாலும் இதை மட்டும் எழுதுறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிருங்கன்னு சொன்னேன். அவர் சொல்லலையா?"

குடோனின் கடைசி மூலையில் காவல்காரன் படுத்திருக்கிறான், அது தெரியாமல் நான் தினமும் அவன்மேல் மூட்டை அடுக்கியிருக்கிறேன், அவ்வளவுதான் விஷயம். ஜெட்டி இருக்கும் இடத்தின் குறிப்பை, இடம் மிச்சம் பிடிப்பதாக எண்ணி, போட்டு நெருங்கும்போது அந்த மூலையில் எழுதும்படி வைத்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம். மழைக்கு முன்னால் அதை யாராவது சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை.

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன். முதலாளி குடோனில்தான் இருந்தார். விற்காத பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன, அவற்றின் மேல் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. நான் சாயா வேண்டாம் என்றேன்.

"கடைசி மூலையைத் தொடக் கூடாதுன்னு எஞ்சினியர் உங்ககிட்ட சொன்னாரா முதலாளி?"

நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. சொன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் எத்தனை தடவை கேட்டு அனுப்பினேன்."

கையிலிருந்த சுக்குத் துண்டை முகர்ந்து பார்த்து, முறத்தில் போட்டார். வியாபாரப் பேச்சு பேசுவார் என்று நினைத்தேன். மலை, வெளியாள், ரகசியம் என்று தொடங்கினால் அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"எனக்கு அந்தப் பெட்டியில ஒரு எழவும் தெரியாது மாஷே" என்றார். "எத்தனையோ தடவை திறந்து வெச்சுப் பாத்துட்டேன். என் காசு, என் குடோன், என் பெட்டி. ஆனா அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அந்தக் காலேஜ் பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டா, அப்புறம் அதுல என்னோடதுன்னு என்ன இருக்கு?"

நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். கோபமெல்லாம் இருந்தது, ஆனால் அதை எடுத்துப் போடுவதற்கு எதிரே ஆள் இல்லாமல் போய்விட்டது. நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல், பழக்க தோஷத்தில் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். கடைசி மூலையில் வைத்திருந்ததை வேறு இடத்துக்கு மாற்றி எழுதினேன். முதலாளி முதல்முறையாக என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். போட்டு கிளம்பியது. பாயலைச் சுற்றிக்கொண்டு போய் ஜெட்டியைத் தொட்டு நின்றது. ஹாரன் அடித்தது.

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது, சுக்குத் தூசியாகவும் இருக்கலாம். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதன் அடியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து சொன்னார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும் மாஷே. எழுத வர்ற வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுத வருவதற்கு என்னைத் தவிர வேறு யாரும் மிச்சம் இல்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.